கான்பெரா: தீ எட்டாத ஊரை எட்டிய புகை

கான்பெராவை ஒரே பார்வையில் பார்த்துவிட நினைப்பவர்கள் ஐன்ஸ்லி மலைக்குத்தான் போவார்கள். உச்சி வரை கார் போகும். மேலே நின்று பார்த்தால் காலடியில் போர் நினைவகத்தின் குவிமாடம். அதிலிருந்து கோடு கிழித்தது போல நேராக ஓடும் அகலச் சாலை. சாலை முடியும் இடத்தில் பர்லி கிரிஃபின் ஏரி. ஏரிக்கு அக்கரையில், கூரை மேல் புல் வளர்த்த ஆஸ்திரேலிய நாடாளுமன்றம். அதற்கும் அப்பால், மேற்கே, நீலமாகப் பிரிண்டபெல்லா மலைத்தொடர்.

சிகாகோவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் வால்டர் பர்லி கிரிஃபினும் அவர் மனைவி மரியன் மஹோனி கிரிஃபினும் தந்த வரைபடம் 1912-ல் போட்டியில் வென்று, அதன்படி எழுந்த நகரம் இது. மலைகளை வெட்டாமல், மலைகளுக்கு நடுவே தெருக்களை வைத்தார்கள். வீட்டுக் கொல்லைக்குப் பின்னாலேயே காடு. மாலையானால் புல்வெளிக்கு கங்காருகள் மேய வந்துவிடும். அதனால் ‘காட்டுத் தலைநகரம்’ என்று செல்லப் பெயர். புகை கக்கும் பெரிய ஆலைகள் கிடையாது. காற்று சுத்தம் என்பது இங்கே பெருமைப்படும் விஷயம்கூட இல்லை, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது போல வழக்கமான ஒன்று.

2020 ஜனவரி 1 அன்று, உலகிலேயே மிக மோசமான காற்று வீசிய நகரங்களில் முதலிடம் இந்த ஊருக்கு.

எரிவதற்கென்றே வளர்ந்த காடு

ஆஸ்திரேலியக் காடு என்றால் பெரும்பாலும் யூகலிப்டஸ். ஊட்டிக்குப் போய்வந்த யாருக்கும் அந்த மரம் தெரியும். ஜலதோஷத்துக்குத் தேய்க்கும் நீலகிரித் தைலம் அதன் இலையிலிருந்து வருவதுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த மரம் அது. மூக்கடைப்பைத் திறக்கும் அதே எண்ணெய், வெயிலில் காய்ந்த காட்டில் எரிபொருள். நாடா நாடாவாக உரியும் பட்டையில் நெருப்புப் பிடித்தால், காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பல கிலோமீட்டர் தள்ளிப் போடும். தீ நடந்து வருவதற்கு முன்பே தீப்பொறி பறந்து வந்துவிடும்.

காட்டுத்தீ இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 2019 மட்டும் ஏன் வேறாக இருந்தது? பதிவுகள் தொடங்கிய காலத்திலிருந்து ஆஸ்திரேலியா கண்ட ஆண்டுகளில் மிக வெப்பமானதும் அதுவே, மிக வறண்டதும் அதுவே. அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகவும், சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பகுதி குளிர்ந்தும் கிடந்தது. இப்படி நேர்ந்தால் மழை மேகங்கள் மேற்குப் பக்கமாக இழுபடும். கிழக்கு ஆப்பிரிக்கா வெள்ளத்தில் தத்தளித்தது. இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை சராசரியைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகப் பெய்தது. ஆஸ்திரேலியாவுக்கு வர வேண்டிய மழை வரவில்லை. இந்தியாவில் ஏரி குளங்கள் நிரம்பிய அதே ஆண்டில், அதே கடலின் மறுகரையில் காடு சருகாகக் காத்திருந்தது.

அக்டோபர் 26-ல் சிட்னிக்கு வடமேற்கே ஒரு மின்னல். அதில் பிடித்த கோஸ்பர்ஸ் மலைத் தீ ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் விழுங்கியது. நவம்பர் 26-ல் கான்பெராவுக்குக் கிழக்கே, கடலோர மலைக்காட்டில் இன்னொரு மின்னல். கரோவன் என்ற அந்தத் தீ 74 நாட்கள் அணையாமல் எரிந்தது. கான்பெராவாசிகளின் கோடை நாசமானது இந்தக் கிழக்குப் பக்கத் தீக்களால்தான்.

மாலைக் காற்றில் வந்த விருந்தாளி

கான்பெரா ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் ஊர். கோடையில் பகல் முழுக்கக் காய்ந்து, மாலையானால் கிழக்கே கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று மலையேறி வரும். வெப்பத்தில் வாடிய ஊர் அந்தக் காற்றுக்காக ஜன்னல்களைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். 2019 டிசம்பரில் அந்தக் காற்றுதான் புகையைச் சுமந்து வந்தது. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கிவிடும், அதற்கு மேல் சூடான காற்று மூடி போட்டது போல உட்கார்ந்துகொள்ளும். உள்ளே வந்த புகைக்கு வெளியேற வழியில்லை.

டிசம்பர் 21-ல் மனுகா மைதானத்தில் பிக் பாஷ் கிரிக்கெட் போட்டி. சிட்னி தண்டரும் அடிலெய்ட் ஸ்ட்ரைக்கர்ஸும் மோதினார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே புகை இறங்கியது. பந்து கண்ணுக்குத் தெரியவில்லை, மூச்சும் முட்டுகிறது. மழையால் நின்ற ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய ரசிகர்கள், புகையால் கைவிடப்பட்ட ஆட்டத்தை அன்று பார்த்தார்கள்.

அதெல்லாம் முன்னோட்டம்தான். டிசம்பர் 31 இரவு வந்த புகை புத்தாண்டு அன்று நகரத்தை மூடியது. காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் பிஎம் 2.5 என்று ஒரு வகை உண்டு. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கும் தொண்டையும் வடிகட்ட முடியாத அளவு சிறியது என்பதால் நுரையீரலின் அடி வரை போகும், அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரியாக 25 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது ஆஸ்திரேலியாவின் வரம்பு. அன்று கான்பெராவில் பதிவானது 962.

போகிப் பண்டிகை விடியலில் சென்னைக்காரர்கள் இப்படியொரு மங்கலைப் பார்த்திருப்பார்கள். கண் எரியும், எதிர்வீடு தெரியாது. ஆனால் வெயில் ஏறினால் அது கலைந்துவிடும். கான்பெராவில் அது வாரக்கணக்கில் வந்து வந்து போனது.

ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

புகை வந்தால் கதவு ஜன்னலை மூடி உள்ளே இருங்கள் என்பது முதல் அறிவுரை. கேட்க எளிது. ஜனவரி 4-ல் கான்பெராவின் வெப்பம் 44 டிகிரி செல்சியஸ், அதுவரை இல்லாத உச்சம். சிட்னியின் புறநகரான பென்ரித்தில் 48.9 டிகிரி. இப்படிப்பட்ட நாளில் வீட்டை மூடி வைத்தால் உள்ளேயே அடுப்பு.

இங்கே பல வீடுகளில் இருப்பது குளிர்சாதனப் பெட்டி அல்ல, தண்ணீரில் இயங்கும் ஏர்கூலர். அது வெளிக்காற்றை இழுத்து, ஈரத்தில் குளிரவைத்து, உள்ளே அனுப்பும். அது ஓட வேண்டுமானால் ஜன்னல் சற்றுத் திறந்திருக்க வேண்டும். வெளிக்காற்று என்பதே புகையாக இருக்கும்போது, கூலரைப் போட்டால் புகை, நிறுத்தினால் வெக்கை. கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீடுகளில் ஒரு நாளைக்குப் பலமுறை எடுக்க வேண்டிய முடிவாகிவிட்டது அது.

பழைய வீடுகளோ காற்றுப் புகும்படியே கட்டப்பட்டவை. கதவிடுக்கில் ஈரத்துண்டு, ஜன்னல் சட்டத்தில் ஒட்டுநாடா என்று மக்கள் அடைக்கத் தொடங்கினார்கள். காற்றுச் சுத்திகரிப்பான்கள் கடைகளில் தீர்ந்துபோயின. துணி முகக்கவசம் இந்தத் துகளுக்குப் பயனில்லை, பி2 வகைதான் வேண்டும். அதுவும் தீர்ந்துபோனது. வீட்டில் இருக்க முடியாதவர்கள் குளிர்சாதன வசதியுள்ள வணிக வளாகங்களிலும் நூலகங்களிலும் பொழுதைக் கழித்தார்கள். ஆனால் பெரிய கட்டடங்களுக்குள்ளும் புகை நுழையாமல் இல்லை.

தேசிய ஓவியக் கூடம் பார்வையாளர்களுக்குக் கதவை மூடியது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகமும் மூடியது. தபால் பட்டுவாடா நின்றது. பேரிடர் ஒருங்கிணைப்பைக் கவனிக்கும் உள்துறை அமைச்சகமே தன் தலைமை அலுவலகத்தைத் தற்காலிகமாகப் பூட்ட வேண்டியிருந்தது. தெருவில் கொழுந்து விட்டெரியும் எதுவும் இல்லை. ஆனால் ஊர் நின்றுபோனது.

கடலுக்கும் தீக்கும் நடுவில்

கான்பெராவில் கடல் கிடையாது. கிறிஸ்துமஸ் விடுமுறை என்றால் குடும்பம் குடும்பமாகக் காரில் ஏறி, சுமார் 150 கிலோமீட்டர் கிழக்கே பேட்மன்ஸ் பே கடற்கரைக்குப் போவது ஊர் வழக்கம். அந்த ஆண்டும் பலர் போயிருந்தார்கள். டிசம்பர் 31 அன்று தீ அந்தக் கடலோர ஊர்களைத் தாக்கியது. அங்கிருந்து கான்பெராவுக்கு வரும் கிங்ஸ் நெடுஞ்சாலை மூடப்பட்டிருந்தது. மின்சாரம் போனது, செல்பேசி கோபுரங்கள் நின்றன, பெட்ரோல் தீர்ந்தது. கடற்கரை ஊர்களைவிட்டுச் சுற்றுலாப் பயணிகள் வெளியேறும்படி அரசு அறிவித்தபோது, திறந்திருந்த ஓரிரு சாலைகளில் கார்கள் எறும்பு ஊர்வது போல நகர்ந்தன. தீயிலிருந்து தப்பி வீடு திரும்பியவர்களைக் கான்பெராவின் புகை வரவேற்றது.

இன்னும் தெற்கே, விக்டோரியா மாநிலத்தின் மூலையில் மல்லகூட்டா என்றொரு சிற்றூர். ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் ஊர், விடுமுறையில் பல மடங்கு பெருகும். அதே டிசம்பர் 31 காலையில் அங்கே விடியவில்லை. புகை சூரியனை மறைக்க, வானம் கறுத்து, பிறகு ரத்தச் சிவப்பானது. சுமார் 4,000 பேர் நீர்க்கரையில் ஒதுங்கினார்கள். சிலர் படகுகளில் ஏறி நீருக்குள் போய் நின்றார்கள். நூற்றுக்கும் அதிகமான வீடுகள் எரிந்தன. காற்று திசை மாறியதில் கரையிலிருந்தவர்கள் தப்பினார்கள். ஊருக்குள் வர இருந்த ஒரே சாலை அடைபட்டுவிட்டதால், எச்.எம்.ஏ.எஸ். சூல்ஸ் என்ற கடற்படைக் கப்பல் வந்து ஜனவரி 3-ல் ஏறத்தாழ ஆயிரம் பேரை ஏற்றிச் சென்றது. வளர்ப்பு நாய்களும் உடன் போயின.

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் புகை அதோடு நிற்கவில்லை. பசிபிக்கின் ஒரு பகுதியைத் தாண்டி நியூசிலாந்தின் பனிப்பாறைகளைப் பழுப்பாக்கியது. ஆக்லாந்தில் பட்டப்பகலில் வானம் ஆரஞ்சு நிறமானது. சிலி, அர்ஜென்டினா வரை போய், பூமியையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

ஆலங்கட்டிக்குப் பிறகு தீ

ஜனவரி 20-ல் கான்பெராவில் வானம் இருண்டபோது பலரும் மழை என்று மகிழ்ந்தார்கள். விழுந்தது கோல்ஃப் பந்து அளவு ஆலங்கட்டி. ஆயிரக்கணக்கான கார்களின் கண்ணாடி நொறுங்கியது. ஆராய்ச்சிக்காகப் பயிர் வளர்த்த கண்ணாடிக் கூடங்கள் சிதறின.

ஒரு வாரம் கழித்து, ஜனவரி 27-ல், ஊரின் தெற்கே நமட்ஜி தேசியப் பூங்காவின் ஓரோரல் பள்ளத்தாக்கில் ஒரு ராணுவ ஹெலிகாப்டர் தரையிறங்கியது. அதன் தரையிறங்கும் விளக்கின் சூட்டில் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. நான்கு நாளில் தலைநகரப் பிரதேசத்தில் அவசரநிலை அறிவிக்க வேண்டிய அளவுக்குத் தீ வளர்ந்தது. தென்புறக் குடியிருப்புகளில் இருந்தவர்களுக்கு இரவில் மலை முகடுகளில் செந்நிறக் கோடு தெரிந்தது.

இந்த ஊர் அந்தக் காட்சியை மறந்திருக்கவில்லை. 2003 ஜனவரி 18 அன்று மேற்கேயிருந்து வந்த தீ ஒரே பிற்பகலில் ஊருக்குள் நுழைந்து, நான்கு பேரைக் கொன்று, ஏறத்தாழ 500 வீடுகளை எரித்தது. ஸ்ட்ராம்லோ மலையின் பழைய வானாய்வுக் கூடமும் அன்று போனது. அந்த நினைவோடுதான் 2020 ஜனவரி கடைசியில் மக்கள் பைகளைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இம்முறை தீ புறநகர்களுக்குள் வரவில்லை. பிப்ரவரியில் மழை வந்தது. ஆனால் நமட்ஜி பூங்காவில் ஏறத்தாழ 80 சதவீதம் எரிந்துபோயிருந்தது. நகரத்தின் குடிநீர் பிறக்கும் காடு அது.

பெயர் இல்லாத சாவுகள்

‘கறுப்புக் கோடை’ என்று ஆஸ்திரேலியர்கள் பெயரிட்ட அந்தப் பருவத்தில் தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். அவர்களில் ஒன்பது பேர் தீயை அணைக்கப் போனவர்கள். அவர்களுக்குப் பெயரும் படமும் உண்டு, நினைவுக்கல் உண்டு.

புகையால் இறந்தவர்கள் எத்தனை பேர்? டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வாளர் ஃபே ஜான்ஸ்டன், அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் முன் ஒரு மதிப்பீட்டை வைத்தார்: 445 பேர். தீயில் இறந்தவர்களைப்போல் பதின்மூன்று மடங்கு. இதயமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மூவாயிரத்துக்கு மேல்.

இதில் யாரையும் தனியாகச் சுட்டிக்காட்ட முடியாது. எண்பது வயதுப் பெரியவருக்கு மாரடைப்பு வந்தால் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள். புகை நாட்களில் வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த எண் கிடைக்கிறது. முதலில் வந்த ஆய்வில் பிரதேசவாரியான கணக்கும் இருந்தது. கான்பெராவை உள்ளடக்கிய தலைநகரப் பிரதேசத்தில் மட்டும் 31 பேர் புகையால் இறந்திருக்கலாம் என்றது அது. அந்தப் பிரதேசத்தில் தீ யாரையும் கொல்லவில்லை.

ஊர் கற்றுக்கொண்டது

தீ வந்தால் என்ன செய்வது என்று ஆஸ்திரேலியக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கூரைத் தண்ணீர்க்குழாயில் சேரும் சருகை எடுத்துவிட வேண்டும், முக்கியக் காகிதங்களைப் பையில் வைக்க வேண்டும், கிளம்புவதென்றால் முன்கூட்டியே கிளம்ப வேண்டும். புகை வந்தால் என்ன செய்வது என்ற பாடம் 2020-க்குப் பிறகுதான் எழுதப்பட்டது. தலைநகரப் பிரதேச அரசு காட்டுத்தீப் புகைக்கென்றே 2021 முதல் 2025 வரைக்குமான ஒரு திட்டம் போட்டது. நேற்றைய சராசரியைப் பார்த்து இன்று முடிவெடுக்க முடியாது, இந்த மணி நேரத்தின் காற்று எப்படி என்பது தெரிய வேண்டும் என்பது அந்தக் கோடை தந்த முக்கியமான பாடம். புகை ஒரே சீராக இருப்பதில்லை. காலையில் கலைந்து மாலையில் திரும்பும். கலைந்த அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் வீட்டை முழுக்கத் திறந்துவிட்டு, பிறகு மூடத் தெரிந்தவர்களுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவானது. ஆஸ்துமாக்காரர்கள் மருந்தைப் புகை வரும் முன்பே வாங்கி வைப்பது, வீட்டில் ஒரே ஓர் அறையையாவது நன்றாக அடைத்து அதற்குள் சுத்திகரிப்பானை வைப்பது என்று சின்னச் சின்ன ஏற்பாடுகள் பழக்கமாயின.

காட்டைப் பார்க்கும் பார்வையும் மாறியது. இந்த மண்ணின் மூத்த குடிகளான நுன்னவால் மக்கள், குளிர்ந்த நாட்களில் சிறு சிறு திட்டாகப் புல்லை மெதுவாக எரித்துக் காட்டைப் பேணியவர்கள். அந்தத் தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது, மரத்தின் தலையைத் தொடாது. பூங்கா நிர்வாகம் இப்போது அவர்களோடு சேர்ந்து அதைச் செய்கிறது. இதிலும் புகை உண்டு. எப்போது, எந்தப் பக்கம் போகும் புகை என்பதைத் தேர்ந்தெடுக்க முடிவதுதான் லாபம்.

வீட்டுக்குள்ளிருந்து வரும் புகையும் கண்ணில் பட்டது. கான்பெராவின் குளிர்காலம் கடுமையானது. விறகுக் கணப்பு பல வீடுகளின் சுகம். கோடையில் புகையை அடைத்து வைத்த அதே கிண்ணம் குளிர்காலத்தில் கணப்புப் புகையையும் அடைத்து வைக்கும். 2045-க்குள் விறகுக் கணப்புகளைப் படிப்படியாக நிறுத்துவதென்று அரசு அறிவித்திருக்கிறது. குளிர்கால மாலையில் விறகு வாசனை இல்லாத கான்பெராவை நினைத்துப் பார்க்கவே சிலருக்குப் பிடிக்கவில்லை. அந்த விவாதம் தொடர்கிறது.

போகிறவர்கள் பார்க்க

மகனோ மகளோ ஆஸ்திரேலியாவில் இருக்க, பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் பெற்றோர் தமிழ்நாட்டில் நிறையப் பேர். கான்பெராவைப் பார்க்க ஏற்ற காலம் மார்ச், ஏப்ரல் மாத இலையுதிர் காலமும், மலர்க்காட்சி நடக்கும் செப்டம்பர், அக்டோபரும். டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள், குறிப்பாக மூச்சுக் கோளாறு உள்ளவர்கள், தீ எச்சரிக்கை அளவையும் காற்றின் தரத்தையும் காலையில் ஒருமுறை செல்பேசியில் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. மிதமானது, அதிகம், தீவிரம், பேரழிவு என்று நான்கே படிகள். 2022 செப்டம்பர் முதல் நாடு முழுவதும் ஒரே முறை இதுதான். ‘பேரழிவு’ என்று அறிவித்த நாளில் காட்டோரப் பயணம் கூடாது.

2003-ல் எரிந்த பைன் தோப்புகள் இருந்த மேட்டில் இப்போது தேசிய மரத்தோட்டம் இருக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து அருகிவரும் மரங்களைக் கொண்டுவந்து தனித்தனிக் காடாக வளர்க்கிறார்கள். 1917-ல் நடத் தொடங்கிய கார்க் ஓக் தோப்பும் அங்கே உண்டு.

தெற்கே நமட்ஜிக்கும் போகலாம். 1969-ல் நிலவில் ஆம்ஸ்ட்ராங் கால் வைத்த காட்சியை வாங்கி உலகத்துக்கு அனுப்பிய ஹனிசக்கிள் கிரீக் நிலையம் இருந்த இடம் அந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மலைகளில் யூகலிப்டஸ் காடு திரும்பி வருகிறது. தீப்பட்ட அடிமரத்தில், கரிந்த பட்டையைப் பிளந்துகொண்டு, கிளைக்குக் காத்திராமல் நேராகத் தளிர் விடுவது அந்த மரத்தின் குணம். உயரமான இடங்களில் தண்ணீரைப் பஞ்சு போலப் பிடித்து வைக்கும் பாசிச் சதுப்புகளும் எரிந்தன. அவை மரம் போல வேகமாக மீள்வதில்லை. அங்கே மட்டும் கால் வைக்காமல் விலகி நடக்கச் சொல்கிறார்கள்.